பெருமாள் பேரில் பட்டா

சொத்தையெல்லாம் பெண்டாட்டி பேரில் எழுதிவைத்துவிட்டு, "எனக்கென்று ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாதுங்க" என்று கையை விரிக்கும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் மூத்தவர் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா. அவர் எழுதிவைத்தது ஒரு சமஸ்தானத்தையே. வாங்கிக்கொண்டவர் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி. படுத்த கோலத்தில் இருப்பவர், மறுக்கவில்லை.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது ராஜாவுக்குக் கோயில் வாசலிலேயே மரியாதை கம்மி. கோயிலை நடத்திய சபைக்குப் பெயர் எட்டரை யோகம். எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு ஓட்டு, மிச்சமிருந்த அரை ஓட்டு ராஜாவுக்கு என்பார்கள். கோயில் நிலங்களில் வசூல் செய்துகொண்டிருந்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரோ ராஜாவைக் கண்டால் துரத்தும் நிலையில் இருந்தார்கள். அரை ஓட்டுக்காரர் பிள்ளைமார் கதையை முடித்தார். அது கேட்க இனிமையான கதை இல்லை. அப்புறம் கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொன்றாக விழுங்கினார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை அடித்து, சிக்கிய டச்சுத் தளபதி டிலனாயைத் தன் படைக்கே வாத்தியாராக்கினார்.

இவ்வளவையும் பிடித்தாயிற்று. பிடித்ததை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? 1750 ஜனவரியில் சன்னதிக்குப் போய் உடைவாளை வைத்து, "நாடு உன்னுடையது, நான் பத்மநாப தாசன்" என்று சொல்லிவிட்டு, அதே வாளை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பினார். திருப்படிதானம் என்று இதற்குப் பெயர். நேற்றுவரை கலகம் செய்தவன் ராஜத் துரோகி. இனிமேல் அவன் சாமித் துரோகி. நாட்டைப் பறிகொடுத்த பழைய ராஜாக்கள் இனி யார்மேல் படையெடுப்பது, பெருமாள் மேலா? (பெருமாள் நீராடக் கிளம்பும் ஆராட்டு ஊர்வலம் கடலுக்குப் போகும் வழியில் இன்று விமான நிலையம் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை ஓடுபாதையை மூடி, விமானங்களை நிறுத்தி, அந்தப் பழைய முதலாளிக்கு வழிவிடுகிறார்கள்.)

பெருமாளுக்கு வாய்த்த திவான்களில் வெள்ளைக்காரரும் உண்டு. 1811இல் கர்னல் மன்றோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட்டாகவும் பெருமாளின் திவானாகவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். வந்தவர் நூற்றுக்கணக்கான கோயில்களின் நிலத்தை அரசாங்கக் கணக்கில் சேர்த்தார். அதாவது சாமியின் அரசாங்கம் மற்ற சாமிகளின் சொத்தை எடுத்துக்கொண்டது. யார் யாரிடம் புகார் செய்வது?

1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். சென்னையில் வக்கீலாகப் பெயரெடுத்தவர், வாதத்தில் ஓட்டை இல்லை. ஜூலை 25 அன்று சங்கீதக் கச்சேரிக்குப் போய் வெளியே வந்தவரை ஒரு இளைஞர் வெட்டினார். சில நாளில் பெருமாளின் நாடு இந்தியாவோடு இணைந்தது. வாதத்தை முடித்துவைத்தது அரிவாள்.

1949இல் கொச்சியோடு சேர்த்துப் புது மாநிலம். மகாராஜா சித்திரைத் திருநாள் அதன் தலைவராக, அதாவது ராஜப்பிரமுகர் ஆக வேண்டும், பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டும். அவர் தயங்கினார். ஏற்கெனவே பத்மநாபரிடம் வேலையில் இருப்பவர் இன்னொரு முதலாளிக்கு எப்படிச் சத்தியம் செய்வார்? படேலின் ஆட்கள் எத்தனையோ ராஜாக்களை மிரட்டியும் கொஞ்சியும் வழிக்குக் கொண்டுவந்தவர்கள். இப்படியொரு வேலை ஒப்பந்தத்தை மட்டும் பார்த்ததில்லை.

மகாராஜாவின் மன்னர் மானியம் வருஷத்துக்கு 18 லட்சம். 1971இல் இந்திரா காந்தி எல்லா ராஜாக்களின் மானியத்தையும் ஒரே திருத்தத்தில் வெட்டினார். சாமிகளின் மானியத்தில் கைவைக்கவில்லை. மன்றோ எடுத்துக்கொண்ட நிலத்துக்கு ஈடாகக் கொடுக்கும் பணம் அரசியல் சட்டத்தின் 290ஏ பிரிவில் பத்திரமாக இருக்கிறது. திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் வருஷத்துக்கு 46.5 லட்சம் தர வேண்டும். 1956இல் கன்னியாகுமரிப் பக்கம் கோயில்களோடு நம்மிடம் வந்ததால் தமிழ்நாடும் அந்தக் கோயில்களுக்கான தன் தேவஸ்வம் நிதிக்கு 13.5 லட்சம் தர வேண்டும். அப்போது எழுதிய தொகை சட்டத்தில் அப்படியே நிற்கிறது. அகவிலைப்படி கேட்டு இதுவரை எந்தச் சாமியும் மனுப் போடவில்லை.