எண்ணிக்கையும் நிதியும்

கேள்வி: அரசுப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதே, இன்னும் நிதி கேட்பது நியாயமா?

பதில்: காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டீர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால், பெற்றோர் கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்குத்தான் ஓடுவார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது கோத்தாரி கல்விக் குழு, 1966இல். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் இலக்கு என்கிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் இலக்கு வயதாகாமல் இருக்கிறது! பணமில்லை என்பார்கள். கல்வியின் பெயரில் 2004 முதல் மத்திய அரசுக்கு செஸ் என்னும் கூடுதல் வரி வசூலாகிறதே. அது மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் சேராது. போதாக்குறைக்கு, மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் தமிழகத்துக்கான சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்ட நிதி, சுமார் 2,152 கோடி ரூபாய், நிறுத்தப்பட்டது. செலவுக்குக் கணக்குக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கையெழுத்துக்காகப் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைப்பது கணக்குக் கேட்பதாகாது.