தண்ணீர் வளர்ப்பவர்

வெங்காயம்கூட நாள் பார்த்து நுழையும் வீட்டின் ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்குப் பின்னால், பழைய மைசூர்பாகு டப்பாவுக்குள் உறைந்த ரத்தப்புழு இருந்தால், அங்கே ஒரு மீன்தொட்டிக்காரர் குடியிருக்கிறார் என்று அறிக. சரஸ்வதிபுரம், குவெம்புநகர், ஜெயலக்ஷ்மிபுரம் என்று மைசூரின் எந்தப் பகுதியிலும் இவரைப் பார்க்கலாம். வங்கியிலோ ரயில்வே பணிமனையிலோ ஓய்வுபெற்றவர். டப்பாவைப் பற்றிக் கேட்டால், "கொசுவுக்கு ஒன்னுவிட்ட தம்பி, ஆனா கடிக்காது" என்று சமாதானம் சொல்வார். வீட்டு மாமி அந்த டப்பாவைத் தொடுவதில்லை. இப்போதெல்லாம் ஃப்ரீசரையே தொடுவதில்லை.

மைசூர் குழாயில் காவிரியும் கபினியும் வருகின்றன. வீட்டு மனிதர்களுக்கு அது போதும். மீன்களுக்குப் போதாது, குளோரின் செவுளை அரித்துவிடும். அதனால் சனிக்கிழமை மாலையே டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல் வைத்திருப்பார். ஞாயிறு காலை தொட்டியில் கால்பங்குத் தண்ணீரைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்குவார். முதல் வாய் பெரும்பாலும் உள்ளே போய்விடும். முகம் மாறாது. இறக்கிய தண்ணீரில் நைட்ரேட் இருப்பதால் அது மாமியின் மல்லிகைத் தொட்டிக்குப் போகும். இந்தப் பொழுதுபோக்கால் மாமிக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்தப் பூதான். மார்கழி இரவில் ஊர் 16, 17 டிகிரிக்கு இறங்கும்போது தொட்டியில் ஹீட்டர் 25இல் நிற்கும். சூடு சட்டென்று ஏறி இறங்கினால் மீனுக்கு வெண்புள்ளி நோய் வருமாம். மாமிக்கு ஜலதோஷம் வந்தால் கஷாயம் இருக்கிறது.

இந்த ஊரில் எவரைப் பார்த்தாலும் "ஊட்டா ஆய்தா?", அதாவது சாப்பாடு ஆச்சா, என்று கேட்பார்கள். தொட்டிக்காரர் வீட்டில் மீனைப் பார்த்து மட்டும் அதைக் கேட்கக்கூடாது. மீன் எப்போதும் சாப்பிடாத முகத்தோடுதான் இருக்கும். ஆள் நிழல் விழுந்தால் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடும். அதைக் கண்டு இரங்கும் பாட்டிகள்தான் இவருடைய பரம எதிரிகள். "பாவம்டா, வாயில்லா ஜீவன்" என்று ஒரு பிடி உணவைப் போட்டுவிட்டுப் போவார்கள். தின்றது போக மீதி அடியில் அழுகும், அம்மோனியா ஏறும், மூன்றாம் நாள் மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். "பட்டினியால செத்த மீனை நான் பார்த்ததில்லை சார். அன்பால செத்ததை நிறையப் பார்த்திருக்கேன்" என்பார். கல்யாணத்துக்குச் சென்னை போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுப்பார், உணவு டப்பாவைக் கொடுக்கமாட்டார். வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்தான் போடாமல் இருக்கமாட்டார்.

இவர் வீட்டில் சுத்தம் என்ற சொல்லுக்கு மரியாதை குறைவு. தீபாவளிக்கு முன் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பளிச்சென்று காயவைத்தார். அந்தப் பஞ்சின் அழுக்கில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருந்தது. ஆறு வாரம் வளர்த்த குடித்தனம் ஒரே அலசலில் காலி. தொட்டிக்காரர் கோபப்படவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றினார். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டுமே பஞ்சை அலச வேண்டும் என்ற அறிவிப்பு இன்றும் அங்கே ஒட்டியிருக்கிறது, தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று.

தொட்டியில் இருக்கும் நத்தைகளைப் பற்றி மாமி முறையிட்டால் இவர் லண்டனுக்குப் போய்விடுவார். 1849இல் அங்கே ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரு தொட்டியில் குடிவைத்தார். அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கிப் பச்சையானது. நத்தைகளை விட்டதும் அவை கழிவைத் தின்று தெளியவைத்தன. மாமி இந்தக் கதையை முழுக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. நத்தைகள் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன.

கடைக்குப் போனால் இவர் வாங்குவது குறைவு, தடுப்பது அதிகம். "கம்யூனிட்டி டேங்க்னு சொல்லி ஏஞ்சல் மீனையும் நியான் மீனையும் சேர்த்து வாங்காதீங்கோ. ஏஞ்சல் இப்போ நாணயம் அளவுதான். வளர்ந்தப்புறம் நியானை எண்ணிப் பாருங்கோ." தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும் தென்னமெரிக்கப் பிறவி. பெரிசானால் குக்கரஹள்ளி ஏரியில் விட்டுவிடலாம் என்று ஒரு பையன் சொல்லக் கேட்டு, கடை வாசலிலேயே அரைமணி நேரம் வகுப்பெடுத்தவர் இவர். மிஸ் கேரளா என்று கூப்பிடும் மேற்குத் தொடர்ச்சி மலை மீனைக் கண்டால் மட்டும் குரல் தழையும். 1865இல் பிரான்சிஸ் டே அதற்குச் சென்னை கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். இன்று அது அருகிவரும் இனம். ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேட்பார். கடைக்காரர் மழுப்பினால் வாங்காமல் வந்துவிடுவார். எப்போதாவது வாங்கி வரும் புது மீனுக்கும் மூன்று வாரம் தனித் தொட்டிவாசம் உண்டு. மருமகன் நேரே ஹாலுக்கு வரலாம், மீன் வரமுடியாது.

போன மாதம் எதிர்வீட்டு இளைஞருக்கு ஆசை வந்துவிட்டது. தொட்டி வாங்கிவிட்டார், மீன் வாங்கக் கூட வரச்சொல்லி அழைத்தார்.

"ஃபில்டரை ஓடவிடுங்கோ, செடியை நடுங்கோ. ஆறு வாரம் போகட்டும்."

"ஆறு வாரமா? அதுவரைக்கும் தொட்டியில எதைப் பார்க்கறது சார்?"

"தண்ணியை."

இளைஞர் சிரித்தார். தொட்டிக்காரர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்தக் காலித் தொட்டிமுன் உட்கார்ந்துவிட்டார்.