கடலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. மீனவர் பேச்சில் ‘பார்’. அதற்கு வெள்ளையடிக்கப் போகிறோம். பயம் வேண்டாம், பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள்.

1. கடப்பாரையைக் கீழே போடுங்கள். அது தாத்தா காலத்து முறை. படகு படகாகப் பவளக் கல்லை உடைத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அட்டவணையில் சேர்த்தார்கள். தொட்டால் ஜெயில். தொடாமல் கொல்பவரைத் தேடி எந்த ஃபாரஸ்ட் கார்டும் வரமாட்டார்.

2. சூடேற்றுங்கள். பவள உயிரி தன் உடம்புக்குள் நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. வெயிலை வைத்துச் சமைத்து வீட்டுக்காரருக்குப் படியளப்பது அந்தப் பாசிதான். நிறமும் அது கொடுத்தது. கோடையில் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். வீட்டுக்காரர் குடித்தனக்காரரைத் துரத்திவிட்டு, வெளுத்துப்போய்ப் பட்டினி கிடப்பார். 1998, 2010, 2016 எல்லாம் இங்கே அமோக விளைச்சல். உங்கள் பங்குக்கு ஏ.சி.யை 18-இல் வைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போகவே தேவையில்லை.

3. ஆற விடாதீர்கள். சூடு சட்டென்று தணிந்தால் பாசி திரும்பிவந்து தொலைக்கும். சாக்கடையை நேரே கடலில் விடுங்கள். அறுந்த தங்கூசி நைலான் வலையைப் பாரிலேயே விட்டுவாருங்கள். சம்பளம் கேட்காமல் வருஷக்கணக்கில் மீன் பிடிக்கும், யாருக்கும் கொடுக்காது. கிளிமீன் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பாறையில் படரும் களைப்பாசியைக் கொறித்துச் சுத்தம் செய்கிற ஆள் அது.

4. அந்தக் களையும் போதவில்லையா? வெளிநாட்டுச் சரக்கு இருக்கிறது. 1990களில் மண்டபத்துக்கு வந்த கப்பாபைகஸ். ஊரில் ‘பெப்சி பாசி’. மூங்கில் தெப்பத்தில் வளர்க்கிறார்கள். 2008-இல் குருசடைத் தீவில் பாரையே போர்த்திக்கொண்டு படர்ந்திருந்தது. அதிலிருந்து எடுக்கும் பசைதான் ஐஸ்கிரீமில் சேர்கிறது; அது உருகாமல் நிற்க வேண்டாமா?

5. குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று கிடக்கும். “எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்று போட்டோ எடுங்கள். வெளுத்ததெல்லாம் பால்.

6. யாரையாவது குற்றம் சொல்லுங்கள். இதில் சோம்பல் கூடாது. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிக் கடற்பாசி பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1986-இல் இந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. தீவுப் பக்கம் போனால் அவர்களுக்கு விரட்டுதான். பிள்ளை பீஸ் கட்டணும் என்பார்கள். விழிப்புணர்வே இல்லை என்று அலுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் உடம்பு சூடாகும், ஏ.சி.யை 16-க்கு இறக்குங்கள்.