பிள்ளையைச் சாப்பாட்டுக்குப் பகையாக்குவது எப்படி?

உறவினர்களுக்கு ஓர் எளிய கையேடு

உங்கள் சொந்தத்தில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு திரிகிறதா? கவலையே வேண்டாம், காலணா செலவில்லாமல் அதை மாற்றிவிடலாம்.

1. வரவேற்பைச் சரியாகச் செய்யுங்கள். கல்யாண மண்டபத்தில் பார்த்ததும் "படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். "என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?" என்று பத்துப் பேர் காதில் விழும்படி தொடங்குங்கள். அரைமணி நேரம் கழித்துப் பந்தியில், "கோழி மாதிரி கொறிக்கிறியே, இன்னொரு ஜாங்கிரி வைங்கப்பா" என்று அதட்டுங்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில்தான் தொழில் நேர்த்தி. பையன் என்றால் "காத்தடிச்சா பறந்துருவான் போலிருக்கே" போதும்.

2. இளைத்தால் உடனே பாராட்டுங்கள். "இப்பத்தான் முகத்துல களையே வந்திருக்கு" என்று மெச்சுங்கள். ஏன் இளைத்தாள் என்று மட்டும் விசாரிக்கக் கூடாது. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் விரலால் கலைத்த தடத்தோடு அப்படியே திரும்பி வரும். பார்த்தாலும் பார்க்காததுபோல் கழுவி வையுங்கள்.

3. எரிந்து விழுந்தால், திமிர் என்று தீர்ப்பெழுதுங்கள். சாப்பாடு குறைந்தால் மனமும் கெடும் என்று யாராவது அறிவாளி சொன்னால் நம்பாதீர்கள். அவர் மினசோட்டா ஆய்வை இழுத்துக்கொண்டு வருவார். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கியது அது. போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேர், உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுத்தார்கள். கலகலப்பாக இருந்தவர்கள் சிடுசிடுத்தார்கள், சோர்ந்தார்கள், ஒதுங்கினார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து நாவல்போலப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். தாராளமாகச் சாப்பாடு திரும்பிய பிறகும் பலர் வயிறு நிறைந்தது தெரியாமல் தின்றார்கள். திடமான ஆண்களுக்கே பட்டினி இத்தனையும் செய்தது என்றால், உங்கள் அக்கா மகளின் எரிச்சல் மட்டும் எப்படித் திமிராகும் என்று அந்த அறிவாளி கேட்பார். பேச்சை மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திருப்பிவிடுங்கள்.

4. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தாலும் பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் அசதியும் மனச்சோர்வும் வரலாம். கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் இவை தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே "எல்லாம் இந்த போனாலதான்" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

5. ஆய்வு முடிவுகளைப் பாதி மட்டும் படியுங்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோயுள்ள 67 பேர். ஒரு பிரிவினருக்கு 12 வாரம் காய்கறி, பருப்பு, மீன், கொட்டைகள் என்று சாப்பிட உணவு ஆலோசனை, மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை. முதல் பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டார். அடுத்ததில் பன்னிரண்டில் ஒருவர். ஆய்வு சிறியது, பலரும் மாத்திரையையோ மனநல சிகிச்சையையோ தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள் என்ற பகுதி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். "மாத்திரையத் தூக்கிப் போடு, கேழ்வரகுக் கஞ்சி குடி, எல்லாம் போயிரும்" என்று குடும்ப வாட்ஸாப்பில் அனுப்புங்கள். சாப்பாட்டைக் கண்டாலே நடுங்கும் பிள்ளைக்கு, எது நல்ல சாப்பாடு என்ற பட்டியலும் ஒரு பயமாக முடியும். அது உங்களுக்கு உபரி லாபம்.

6. உடம்பைப் பார்த்தே நோயைக் கணியுங்கள். எலும்பு தெரிந்தால்தான் நோய் என்பதில் உறுதியாக நில்லுங்கள். பார்க்க இயல்பாக இருக்கும் பிள்ளையும் நள்ளிரவில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு, வெட்கத்தில் மறுநாள் பூராவும் பட்டினி கிடக்கலாம். மருத்துவர்கள் இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், சிகிச்சையும் செய்கிறார்கள். நீங்கள் "நல்லா கும்முனுதானே இருக்கா, அவளுக்கென்ன கேடு?" என்று கேட்டுவிட்டுக் காபி குடியுங்கள்.

எச்சரிக்கை. கீழ்க்கண்டவற்றால் உங்கள் உழைப்பெல்லாம் வீணாகக்கூடும். உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காமல் இருப்பது. தட்டை எண்ணாமல் கூட உட்கார்ந்து சாப்பிடுவது. "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல் "மனசுக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பது. பொது மருத்துவர், மனநல மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரையும் சேர்த்துப் பார்ப்பது. நீண்ட நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று வயிறு முட்ட ஊட்டினாலே உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர் கண்காணிப்பில் மெல்ல மெல்ல ஏற்றுவது. மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416ஐ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பது. இவற்றில் இரண்டு நடந்தாலே பிள்ளை தேறத் தொடங்கிவிடும், ஜாக்கிரதை.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் யாரும் இல்லைங்க" என்று படித்ததும் சொல்பவர்களுக்கு இந்தக் கையேடு தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள்.