சொட்டு அளவையியல்: பாய்மரப் படகின் டீசல் என்ஜினில் கூலன்ட் ஒழுக்கு பற்றிய ஆய்வு

1. ஆய்வின் தேவை

சிந்துவெளி எழுத்து, பிரபஞ்சத்தின் தோற்றம் முதலிய எளிய சிக்கல்களில் அறிஞர் உலகம் காலம் போக்கிக்கொண்டிருக்கிறது. முப்பதடிப் பாய்மரப் படகின் என்ஜினில் நேற்று நிரப்பிய கூலன்ட் இன்று எங்கே போயிற்று என்ற வினாவோ தீண்டுவாரின்றிக் கிடக்கிறது. இங்கிலாந்தின் சோலென்ட் நீரிணை தொடங்கி அமெரிக்காவின் செசாபீக் விரிகுடா வரை, எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் ஒருவர் என்ஜினை மறைக்கும் படிக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி தலைகீழாகக் கிடப்பதைக் காணலாம். அவருக்குக் கோட்பாட்டுப் பின்புலம் எதுவும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: ஒழுகும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. இரண்டும் ஒன்றே என்று கொள்பவர் பணத்தை இழப்பார். கூலன்டை எப்படியும் இழந்துகொண்டுதான் இருக்கிறார்.

மெய்ப்பொருளை அறியும் வழிகளாக மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறார். சிவஞான சித்தியாரோ காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்கிறது. அதை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரிடம் டீசல் படகு இருந்ததாகச் சான்று இல்லாமையால், இவ்வாய்வு ஐந்தைக் கைக்கொள்கிறது.

2. ஆய்வுப்பொருள்

துறைக்குள் நுழையவும் வெளியேறவும், காற்று செத்த நாளில் நகரவும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் பாய்மரப் படகுக்கு ஓர் என்ஜின் வேண்டும். முப்பதடிப் படகில் இருபது, முப்பது குதிரைத்திறன் கொண்ட இரண்டு அல்லது மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் இருக்கும். யான்மார், வோல்வோ பென்டா, பீட்டா மரீன் என்பன நன்கறிந்த பெயர்கள்.

லாரிக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, அதன்மேல் காற்று அடிக்கிறது. படகின் வயிற்றுக்குள் காற்று ஏது? ஆகவே இங்கே இரண்டு நீர்கள். ஒன்று கடல்நீர். ரப்பர் இம்பெல்லர் பம்ப் அதை உறிஞ்சி, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்கள் வழியே தள்ளி, கடைசியில் எக்ஸாஸ்டில் கலந்து பின்புறமாகத் துப்பிவிடும். மற்றது கூலன்ட்: எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. இது என்ஜினுக்குள்ளேயே சுற்றிவந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீரிடம் தன் சூட்டை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும். கடல்நீரையே நேராக என்ஜினுக்குள் விடலாமே என்றால், விட்ட என்ஜின்களும் உண்டு. ஆனால் வெப்பம் 60 டிகிரியை நெருங்கினால் உப்பு படிந்து வழி அடைபடும். அதனால் அவற்றை வெதுவெதுப்பாகவே ஓட்ட வேண்டியிருந்தது.

பாதிக்குப் பாதிக் கலவை சாதாரணமாகச் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்ட் தொட்டியின் மேலே உள்ள மூடி 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் 120-ஐத் தாண்டினாலும் கொதிக்காது. ஒழுக்கின் வேர் இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. வெளியே தள்ளப்படும் எந்தத் திரவமும் தனக்கென ஒரு வழியைக் கண்டுகொள்ளும். அந்த வழியைப் படகின் உரிமையாளரும் கண்டுகொள்வதற்குத்தான் அளவைகள்.

3. காட்சி அளவை

கண்ணால் கண்டதே மெய் என்போர் முதலில் ஏமாறுவர். என்ஜின் பின்பக்கம் சாய்ந்து அமர்ந்திருக்கிறது. முன்னே கசிந்த துளி ஹோஸின் அடிவயிற்றைப் பற்றி ஓடி, ஒரு பிராக்கெட்டில் இளைப்பாறி, பின்மூலையில் சொட்டுகிறது. படகு காற்றில் ஒருபக்கம் சாய்ந்தால் அதன் பாதை மாறுகிறது. என்ஜின் சூடாக இருந்தாலோ துளி விழுவதே இல்லை. ஆவியாகி, பச்சையோ இளஞ்சிவப்போ ஆன ஒரு படிவை மட்டும் விட்டுச்செல்கிறது. துளியைத் தேடுகிறவர் இந்தப் படிவைத் துடைத்து எறிந்துவிட்டுத் தேடலைத் தொடர்வது மரபு.

மேலும், படகின் அடிப்பள்ளமான பில்ஜ் ஒரு பொதுக்குளம். உந்துதண்டு வெளியேறும் இடத்தில் உள்ள பழையகாலப் பாக்கிங், ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவதற்கென்றே அமைந்தது. பாய்மரத்தின் வழியே மழைநீர் இறங்கும். ஐஸ்பெட்டி உருகும். கடல்நீர் பம்பும் தன் பங்கைச் செலுத்தும். இத்தனை நீரையும் கலந்து, தானியங்கிப் பில்ஜ் பம்ப் சாட்சியத்தைக் கடலில் கொட்டிவிடுகிறது. மீனுக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. ஆய்வுக் காலத்தில் இப்பம்பின் சுவிட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கைக்கு மாற்றிவிட்டு, படகை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளரின் கடமை.

4. கருதல் அளவை

மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டென்று கருதுக என்பது தருக்க நூல்களின் முதல் பாடம். இந்த ஒரு பாடம் படகில் செல்லுபடியாகாது. இங்கே வெண்புகை கண்டால் தண்ணீர் உண்டென்று கருத வேண்டும்: ஹெட் கேஸ்கட் வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்து நீராவியாக வெளியேறுகிறது. ஆனால் எக்ஸாஸ்டில் கடல்நீர் எப்போதும் கலக்கிறதே; குளிர்ந்த காலையில் நல்ல என்ஜினும் ஆவி விடும். எரியாத டீசலும் வெண்புகைதான். கரும்புகை பாரம் மிகுந்ததையும் நீலப்புகை எண்ணெய் எரிவதையும் ஓரளவு நேர்மையாகச் சொல்ல, வெண்புகை மட்டும் மூன்று பொருள்பட நிற்கிறது.

ஆகவே கருதலுக்குத் துணைச்சான்று வேண்டும். என்ஜின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறதா? எண்ணெய் அளக்கும் கோலில் பால்போல் வெளுத்திருக்கிறதா? இவை இரண்டும் இல்லையெனில் கேஸ்கட்டைக் குற்றவாளி எனத் தீர்ப்பது அவசரம்.

5. உரை அளவை

ஆன்றோர் வாக்கு மூவகைப்படும். முதலாவது, மேனுவல். அது “கசிவு உள்ளதா எனப் பரிசோதிக்கவும்” என்று சூத்திரம்போல் சுருங்கச் சொல்லி, உரை எழுதும் பொறுப்பை நமக்கு விட்டுவிடுகிறது. இரண்டாவது, மெக்கானிக். அவர் வாக்கு பெரும்பாலும் “கேஸ்கட் போயிருக்கும் சார், பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்” என்பதன் ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பாக இருக்கும். மூன்றாவது, பக்கத்துப் படகுக்காரர். அவர் தம் படகில் எது ஒழுகியதோ அதுவே உலகெங்கும் ஒழுகுகிறது என்ற கொள்கையர். மூவரும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஒழுக்கு இருக்கலாம், அல்லது மூவரும் முன்பே பேசிக்கொண்டிருக்கலாம்.

6. அருத்தாபத்தி

பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வது அருத்தாபத்தி. நம் தேவதத்தன் நேர்மாறானவன்: நாள்தோறும் ஊட்டுகிறோம், மெலிகிறான், தரையிலோ ஒரு பருக்கை சிந்தவில்லை. துளியே விழாமல் கூலன்ட் குறைந்தால் அது கண் காணாத வழியில் போகிறது என்றே கொள்ள வேண்டும்.

அவ்வழிகளில் தலையாயது ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதன் உட்குழாயில் அரிப்பினால் ஒரு துளை விழுந்தால், அழுத்தம் மிகுந்த கூலன்ட் கடல்நீருக்குள் புகுந்து எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். பில்ஜ் உலர்ந்தே இருக்கும். பல ஹீட் எக்ஸ்சேஞ்சர்களில் தானே கரைந்து குழாயைக் காக்கும் துத்தநாகக் குச்சி ஒன்று திருகப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் மறந்தவர்க்கு இந்தப் பகுதி சிறப்பாகப் பொருந்தும்.

இன்னொரு வழி, குளிக்க வெந்நீர் தரும் தொட்டி. என்ஜின் கூலன்ட் நீண்ட ஹோஸ்களில், படுக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து சென்று அத்தொட்டியின் சுருள்குழாயில் சுற்றி வருகிறது. அப்படுக்கையைத் தூக்கிப் பார்க்கும் எண்ணம் என்ஜினை முழுதாகப் பிரித்த பிறகே தோன்றும். சுருள்குழாயே துளைபட்டால் விளைவு இன்னும் விந்தையானது. குழாய்நீர்ப் பம்பின் அழுத்தம் கூலன்டினுடையதைவிட அதிகமாகையால் நல்ல தண்ணீர் கூலன்டுக்குள் ஏறும். குறைய வேண்டிய கூலன்ட் தொட்டி நிரம்பி வழியும். தேவதத்தன் பட்டினி கிடந்து பருக்கும் இந்நிலையைத் தருக்க நூலார் எதிர்பார்க்கவில்லை.

7. அபாவம்

இல்லாததன் இன்மையை அறிவது அபாவம். ஒழுக்கே இல்லாத ஒழுக்கும் உண்டு. குளிர்ந்த என்ஜினில் கழுத்து வரை கூலன்ட் ஊற்றினால், சூடேறி விரிந்ததும் மிகுதி வழிந்து வெளியேறும். மறுநாள் உரிமையாளர் மட்டம் குறைந்ததென்று பதறி மறுபடி கழுத்து வரை ஊற்றுவார். என்ஜின் தனக்குப் போதுமான மட்டத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. ஒழுக்கு உரிமையாளரின் கையில் இருக்கிறது.

இதற்கு நெருங்கிய உறவு மூடியின் பிழை. அம்மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று அழுத்தம் மிகும்போது கூலன்டைப் பக்கத்துப் புட்டிக்கு அனுப்பும். மற்றது குளிரும்போது அதைத் திரும்ப இழுக்கும். இரண்டாவது கெட்டால் புட்டி நிறையும், என்ஜின் வறளும். மூடி, பிரித்துப் போடும் எல்லாவற்றையும்விட மலிவு. அதனாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

8. ஏற்கத்தகாத அளவை

பில்ஜ் நீரை விரலால் தொட்டு நாவில் வைத்து, உப்பென்றால் கடல், இனிப்பென்றால் கூலன்ட் என்று தீர்க்கும் ஒரு பழைய மரபு உண்டு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய், பூனைகள் அந்த இனிப்பில் ஏமாந்து நக்கிச் சாவதுண்டு. ஆய்வாளர் அவற்றைப் பின்பற்ற வேண்டாம். வெள்ளைக் காகிதத் துண்டால் ஒற்றி நிறத்தைப் பார்த்தால் போதும்.

9. ஆய்வு நெறி

குளிர்ந்திருக்கும்போது இணைப்புகள் சுருங்கிக் கசியும், சூடானால் விரிந்து அடைபடும் என்பது ஒரு கட்சி. சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே கசியும் என்பது எதிர்க்கட்சி. இரண்டும் உண்மையாதலால் நெறி ஒன்றே: என்ஜினைக் கழுவி, துடைத்து, சருகு போல் உலர்த்திவிட்டுக் குளிர்ந்த நிலையில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றுக. முள் நகராமல் நின்றால் மூடியைத் தனியே சோதிக்க. முள் இறங்கினால் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றுக. கைபடா மூலைக்குச் சிறு கண்ணாடி உதவும்.

கூலன்டைச் சுற்றவிடும் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைத் தனியே கவனிக்க. உள்ளே சீல் தேய்ந்ததும் நமக்குச் செய்தி சொல்ல வைத்த துளை அது. அதைப் பசை போட்டு அடைப்பவர் தூதனைக் கொல்கிறார். நீர் பேரிங்குக்குள் புகும்.

அப்போதும் பிடிபடாவிட்டால் சாயம். இதற்குப் பெருமைமிக்க முன்மாதிரி உண்டு. ஜெர்மனியில் இம்மென்டிங்கன் அருகே டான்யூப் ஆறே தரைக்குள் ஒழுகுகிறது. 1877-இல் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர் அங்கே பத்து கிலோ ஃபுளோரசின் சாயத்தைக் கரைத்தார். ஏறக்குறைய அறுபது மணி நேரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. அந்த நீர் ரைன் ஆற்றுக்குப் போகிறது என்பது நிறுவப்பட்டது. அதே இனச் சாயம் பல பச்சைக் கூலன்டுகளில் முன்பே கலந்திருக்கிறது. இருட்டில் புறஊதா டார்ச்சை அடித்தால் கசிந்த தடம் பளிச்சிடும். ஓர் ஆற்றையே காட்டிக்கொடுத்த சாயம் ஒரு ஹோஸைக் காட்டிக்கொடுக்காதா?

10. முடிவுகள்

ஒன்று: சூடான என்ஜினின் மூடியைத் திறக்கக் கூடாது. வெந்த கையோடு ஆய்வு தொடராது.

இரண்டு: சந்தேகம் விலை வரிசையில் செல்ல வேண்டும். முதலில் ஊற்றும் கை, பிறகு மூடி, பிறகு ஹோஸ் கிளிப், ஹோஸ், பம்பின் துளை, ஹீட் எக்ஸ்சேஞ்சர், வெந்நீர்த் தொட்டி, கேஸ்கட் கடைசி. கிளிப் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். திருகி இறுக்கும் அந்தச் சிறு வளையத்தை 1921-இல் உலகுக்கு அளித்தவர், பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய கமாண்டர் லம்லி ராபின்சன். ஒரு கடற்படைக்காரரின் கண்டுபிடிப்பை ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டு அரைச்சுற்று இறுக்கிப் பார்க்காமல் என்ஜினைத் தூக்குவது அறமாகாது.

மூன்று: ஈரத்தைத் தேடுகிறவன் ஈரத்தையே காண்பான். உலர்த்திவிட்டுக் காத்திருப்பவனே ஒழுக்கைக் காண்பான்.

நான்கு: நடுக்கடலில் வெப்பமானியின் முள் ஏறினால் எந்த அளவையையும் ஆராயாமல் என்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றுக.

அதே என்ஜினின் அடியில் காணப்படும் கரிய திரவம் எண்ணெய். அது இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று.