நூறு ரூபாயும் நாலு ரூபாயும்

திருச்சி – சிதம்பரம் சாலையும் அரியலூர் – தஞ்சாவூர் சாலையும் சந்திக்கிற முக்கு, கீழப்பழுவூர். சிமென்ட் லாரியும் கரும்பு டிராக்டரும் காலேஜ் பஸ்ஸும் இங்கே நிற்காமல் போவதில்லை. நின்றால் ஒரு டீ குடிக்காமல் கிளம்புவதில்லை. இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் டீயைப் பற்றித்தான். மற்றவை அடுத்த முறை. இன்று முழுக்க டீ.

கே: டீ விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள், வண்டி எடுக்கணும்.
*– லாரி ஓட்டுநர், கீழப்பழுவூர்*

ப: பால், காஸ், ஆள் கூலி, வாடகை, தூள். ஐந்தும் ஏறிவிட்டன. தூளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வண்டியை நிறுத்தும்போது அடுத்த இரண்டு பதில்களையும் படித்துவிடுங்கள்.

கே: வீட்டில் போடும் ஒரு டீக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?
*– இல்லத்தரசி, மேலப்பழுவூர்*

ப: இதற்காகவே ஒரு தராசைக் கடன் வாங்கி அடுப்படியில் உட்கார்ந்தேன். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் இரண்டரை கிராம். கிலோ 400 ரூபாய் தூள் என்றால் அது 1 ரூபாய். பால் 70 மில்லி. லிட்டர் 50 ரூபாய் என்றால் மூன்றரை ரூபாய். இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம். கிலோ 45 என்றால் 45 காசு. காஸுக்கு 40 காசு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 ரூபாய் 35 காசு. கிளாஸில் நிறம் தூளுடையது, செலவு பாலுடையது.

கே: தூள் கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் வீட்டு பட்ஜெட் என்ன ஆகும்?
*– அதே வாசகி, இரண்டாவது கேள்வி*

ப: ஒரு டீக்கு 25 காசு ஏறும். பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறினால்? 28 காசு. தூளின் நூறு ரூபாயும் பாலின் நாலு ரூபாயும் கிளாஸுக்குள் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் நூறைப் பார்த்து மலைக்கிறோம், நாலைக் கவனிப்பதில்லை. இந்தப் பகுதியில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

கே: சரி, தூள் ஏன் ஏறியது? தேயிலைக்குப் பஞ்சமா?
*– கல்லூரி மாணவர், அரியலூர்*

ப: நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் விளைவது அசாமில். 2024 மே மாதம் அங்கே கடும் வெயில், அடுத்து வெள்ளம். தேயிலைச் செடிக்கு மழையும் வேண்டும், மிதமான வெயிலும் வேண்டும். இரண்டும் முறை தவறினால் கொழுந்து விடாது. 2023-இல் ஏறத்தாழ 139 கோடி கிலோவாக இருந்த இந்திய உற்பத்தி 2024-இல் 128 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு குளிர்காலப் பறிப்பையும் வடஇந்தியாவில் நவம்பர் 30-உடன் நிறுத்தச் சொன்னது தேயிலை வாரியம். தரமில்லாத கடைசி இலை சந்தைக்கு வரக்கூடாது என்பதற்காக. விளைந்ததில் பெரும்பங்கை நாமே குடித்துவிடும் நாடு இது. சரக்கு குறைந்தால் ஏலத்தில் விலை எகிறத்தான் செய்யும்.

கே: நீலகிரி நம்முடையதுதானே? ஏறிய விலை அங்குள்ள விவசாயிக்காவது போய்ச் சேர்கிறதா?
*– ஆசிரியை, திருமானூர்*

ப: நல்ல கேள்வி, டீச்சர். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அதைக் கொழுந்து பார்த்துப் பறிக்க வேண்டும். அப்படி வளர்த்தவர்களுக்குப் போட்ட முதலே திரும்பாத ஆண்டுகள் பல. 2023-இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பொட்டலத்தில் அச்சிட்ட விலை வேறு, தோட்டத்தில் எண்ணிக் கொடுக்கும் விலை வேறு. தூள் விலையைப் பேசும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கே: ரேஷன் கடையில் ‘ஊட்டி டீ’ தருகிறார்களே, வாங்கலாமா? கட்டாயமா?
*– வாசகர், சாத்தமங்கலம்*

ப: கட்டாயம் கிடையாது, பிடித்தால் வாங்குங்கள். ஆனால் யாருடைய தூள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ‘இன்கோசர்வ்’ தயாரிப்பு. 1965-இல் தொடங்கிய கூட்டுறவு இணையம்; நீலகிரிச் சிறு விவசாயிகளின் இலையை வாங்கும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் அதன் கீழ் உள்ளன. ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். வீட்டு நாக்குக்கு ஒத்துவந்தால் உங்களுக்கும் நல்லது, மலையில் இருப்பவருக்கும் நல்லது.

கே: நான் நாலு மாடு வைத்திருக்கிறேன். பால் விலை ஏறினால் ஊரே எங்களைத்தான் பார்க்கிறது.
*– பால் ஊற்றும் பெண், ஏலாக்குறிச்சி*

ப: அம்மா, ஊர் உங்களைப் பார்க்கட்டும், உங்கள் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-லிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்தப் பணத்தில்தான் புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், சினை ஊசி, உங்கள் விடியற்காலை உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். டீயில் மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. மாட்டுக்காரரின் கூலியில் பிடிப்பது அதில் ஒன்றாக இருக்கக் கூடாது.

கே: அப்படியானால் பாலில் எப்படித்தான் மிச்சம் பிடிப்பது?
*– ஓய்வுபெற்ற ஊழியர், வி.கைகாட்டி*

ப: உறையின் நிறத்தில். ஆவினில் நீல உறை கடை விலை லிட்டர் 40. ஆரஞ்சு உறை 2022 நவம்பரில் 60 ஆனது. வித்தியாசம் கொழுப்பில். தயிர் உறை ஊற்றவும் பாயசத்துக்கும் கொழுப்புப் பால் வாங்குங்கள். டீக்கு நீலமே போதும். நாலு பேர், நாளைக்கு இரண்டு டீ என்றால் மாதம் 240 கிளாஸ், ஏறத்தாழ 17 லிட்டர் பால். 340 ரூபாய் மிச்சம். அதே வீட்டில் 400 ரூபாய்த் தூளை விட்டு 300 ரூபாய்த் தூளுக்கு இறங்கினால் மிச்சம் வெறும் 60 ரூபாய். எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் ருசி போகும் என்று நீங்களே பாருங்கள். சாயந்தர டீயைப் பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டு வர டீயாகக் குடிக்கப் பழகினால் இன்னும் நல்லது.

கே: 5 ரூபாய் அடக்கம் என்கிறீர்கள். கடைக்காரர் அதைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறாரே?
*– கட்டட வேலை செய்பவர், திருமழபாடி*

ப: நீங்கள் சித்தாளுக்குக் கூலி கொடுக்காமல் சுவர் எழுப்ப முடியுமா? டீ மாஸ்டர் கூலி, கடை வாடகை, கரண்ட், கிளாஸ் கழுவும் ஆள், விற்காமல் திரிந்த பால் எல்லாம் அந்த விலைக்குள்தான். வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கடையின் 19 கிலோ சிலிண்டருக்கு 18. சென்னையில் 2025 செப்டம்பர் 1 முதல் டீ 12-லிருந்து 15 ஆனபோது கடைக்காரர் சங்கம் சொன்ன காரணங்களில் பாலும் தூளும் முன்னால் இருந்தன.

கே: ஏறிய டீ விலை எப்போதாவது இறங்கியிருக்கிறதா?
*– வாசகர், செந்துறை*

ப: நான் பார்த்ததில்லை. டீ விலை மாடிப்படி மாதிரி: 10, 12, 15. நடுவில் சில்லறை கிடையாது. பால் 2 ரூபாய் ஏறும்போது கடைக்காரர் பல மாதம் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாத நாளில் ஒரு படி ஏற்றுவார். பிறகு தூள் கொஞ்சம் இறங்கினாலும் கிளாஸுக்கு 10 காசைக் குறைத்துத் திருப்பித் தர அவரிடம் காசு இல்லை, அதை வாங்க நம்மிடமும் பை இல்லை.

கே: சந்தையில் உதிரித் தூள் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*– இல்லத்தரசி, தா.பழூர்*

ப: முதலில் சோதியுங்கள். வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்து நனையவிடுங்கள். பிறகு தூளை எடுத்துவிட்டு, தாளைக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பும் பழுப்புமாகக் கறை திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தால் சாயம் ஏற்றிய தூள். அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு வீட்டுக்குப் போகும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள். மலிவில் தப்பில்லை. ஆனால் பாதி விலைக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் குழந்தையின் கிளாஸுக்குள் போகக் கூடாது.

கே: சின்ன பாக்கெட் லாபமா, பெரிய பாக்கெட்டா?
*– விடுதி மாணவி, அரியலூர்*

ப: கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தின் மேல் ஒரு கிராமின் விலையையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பொடி எழுத்தைத் தேடி இரண்டு பொட்டலத்தையும் ஒப்பிடுங்கள். விலை அப்படியே இருக்க எடை மட்டும் குறைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பெரிதாக வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அடுப்போரத்திலும் பெருங்காயத்தின் பக்கத்திலும் வேண்டாம். டீத்தூள் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும்.

கே: தூளைக் குறைத்துப் போட்டு நேரம் கூடக் கொதிக்கவிடுகிறேன். சரியா?
*– வாசகி, விளாங்குடி*

ப: தூளில் மிச்சம் பிடித்து காஸில் விடுகிறீர்கள் அக்கா. நம் டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. ரகம், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டியது. சாறு சீக்கிரம் இறங்கும். தண்ணீரைக் கிளாஸால் அளந்து ஊற்றி மூடி வையுங்கள். கொதித்ததும் தூளைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் அணைத்து, மூடி 3 நிமிடம் விடுங்கள். காய்ச்சிய பாலைச் சேருங்கள். பத்து நிமிடம் கொதித்தால் கசப்புதான் மிஞ்சும். அளந்து போட்டால் சட்டியில் ஆறிக் கிடக்கும் அந்த ஒரு கிளாஸும் மிஞ்சாது. தினம் ஒரு கிளாஸ் கொட்டினால் மாதம் 160 ரூபாய் சாக்கடையில்.

கே: சக்கையை மறுபடி கொதிக்க வைக்கலாமா?
*– வாசகர், கல்லகம்*

ப: ருசி முதல் டீயோடு போயிற்று, மிச்சம் துவர்ப்பு. ஈரச் சக்கையை வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும். சர்க்கரை போக அலசி ரோஜாத் தொட்டியில் போடுங்கள்.

கே: சர்க்கரை?
*– வாசகர், கீழையூர்*

ப: ஒரு வார்த்தைக் கேள்விக்கு ஒரு கணக்கு. நாளைக்கு நாலு டீ, டீக்கு 10 கிராம்: ஒருவருக்கே மாதம் 1 கிலோ 200 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ‘சக்கரை கம்மி’ என்ற இரண்டு வார்த்தைக்குக் கடையில் காசு குறையாது. பிற்கால மருந்துச் செலவு குறையும்.

கே: காலையில் டீயும் பன்னும்தான். காசு மிச்சமாகிறதே?
*– தையல் வேலை செய்யும் பெண், கீழப்பழுவூர்*

ப: அது மிச்சமில்லை தங்கச்சி, கடன். உடம்பு வட்டியோடு கேட்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது பெரிய விஷயம். கஞ்சியோ இட்லியோ முதலில். டீ ஒரு மணி நேரம் கழித்து.

கே: நடவு ஆட்களுக்கு நாளைக்கு இரண்டு முறை பார்சல் டீ வாங்குகிறேன். கட்டுப்படியாகவில்லை. நிறுத்திவிடலாமா?
*– விவசாயி, திருமானூர்*

ப: நிறுத்தாதீர்கள் அண்ணே. காலை ஆறரை மணிக்குச் சேற்றில் இறங்கியவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கும் நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். டீ வந்தால்தான் வரப்பேறுவார்கள். நிறுத்தினால் போவது டீ மட்டுமில்லை, அந்த ஓய்வும் போகும். வீட்டிலேயே போடுங்கள்: இருபது பேருக்கு 50 கிராம் தூள், ஒன்றரை லிட்டர் நீல உறைப் பால். நூறு ரூபாய்க்குள் முடியும். பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வாங்கவே வேண்டாம். அந்தப் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடையும் உண்டு. தூக்குவாளியில் ஊற்றி மூடி, நீங்களே எடுத்துப் போங்கள். வரப்பில் நின்று எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கடைசிக் கிளாஸை நீங்களும் அங்கேயே குடியுங்கள்.