மைனஸ் ஒன்று

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகலுக்கு மதிப்பெண் மைனஸ் ஒன்று. நான் போட்டதல்ல, என் கைப்பேசி போட்டது. நேற்று ராத்திரி மேகமலையில் அடித்த மழையில் கட்டிலை இழுத்து இழுத்து அது சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது. அந்த நேரத்தில் "அடுத்து என்ன வேலை?" என்று கேட்டால், கறுப்புத் திரையில் வந்த பதில்: போன மாதமே முடிந்துபோன கல்யாணத்துக்கு மொய் அனுப்பு. அதற்கு 12 மதிப்பெண்ணாம்.

எல்லாம் தம்பி மகன் செய்த வேலை. சென்னையில் கணினிக் கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போடி ரயிலில் வந்தவன் மேலே ஏறி வந்து, "பெரியப்பா, இன்னும் காலண்டர் தாளைக் கிழிச்சா எழுதிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டு கைப்பேசியில் டாஸ்க்வாரியர் என்ற வேலைப் பட்டியல் செயலியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். பால் பெக்கிங்ஹாம் என்பவர் தொடங்கியது, 2008 முதல் புழக்கத்தில் இருக்கிறது, காசு கிடையாது. படம், பொத்தான், மணியோசை எதுவும் கிடையாது. 'டாஸ்க் ஆட்' என்று அடித்து வேலையை எழுதினால் சேர்ந்துகொள்ளும். எண்ணைப் போட்டு 'டன்' என்றால் தீர்ந்தது. "சிக்னலே வேண்டாம் பெரியப்பா" என்றான். அந்தச் சொல்லுக்குத்தான் மயங்கினேன். ஹைவேவிஸிலிருந்து இரவங்கலாறு வரைக்கும் நாங்கள் கைப்பேசியை உயரத் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்துச் சுற்றுலா வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இனி இந்த மதிப்பெண் சங்கதி.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு அவசரம் என்று அதுவே கணக்குப் போட்டு வரிசைப்படுத்தும். கெடு தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டால் 12. இருபது வருஷம் தாண்டினாலும் அதே 12. அதனால் மொய்க்காரர் இனி என்றைக்கும் உச்சியில்தான் இருப்பார். கெடு இல்லாத வேலைக்கு அந்த வகையில் பூஜ்யம். கூரை ஒழுகலுக்கு யார் கெடு வைப்பது? மழையா?

சரி, வயதுக்கு மரியாதை உண்டா? உண்டு. ஒரு வேலை ஒரு வருஷம் அப்படியே கிடந்தால் 2 மதிப்பெண். அதற்கு மேல் எத்தனை வருஷம் கிடந்தாலும் அதே 2. கூரை அந்த இரண்டைச் சிரமப்பட்டுச் சம்பாதித்தது. 'வீடு' என்ற தலைப்பின் கீழ் சேர்த்ததற்கு 1. ஆக மூன்று.

அடுத்தது குறிப்புகள். வேலைக்குக் கீழே குறிப்பு எழுதி வைக்கலாம். என் மனைவி ஒழுகலைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நேர்மையாக அதில் ஏற்றினேன். முதல் குறிப்புக்கு 0.8. இரண்டு ஆனால் 0.9. மூன்று ஆனால் 1. நான்காவதிலிருந்து ஒன்றும் கிடையாது. அதாவது ஒரு மனைவி மூன்று முறை சொல்லும்வரைதான் செல்லும். அதற்கு மேல் சொல்வதெல்லாம் கணக்கில் வராது என்று எவனோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறான். இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "ஏங்க, அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆக நான்கு. நான்கு எப்படி மைனஸ் ஒன்று ஆனது? அதுதான் உச்சக்கட்டம். கூரை மாற்றத் தகரம் வேண்டும். தகரம் வாங்கச் சின்னமனூர் இறங்க வேண்டும். இதை உள்ளபடி பதிந்தேன். இன்னொரு வேலைக்காகக் காத்திருக்கும் வேலைக்கு 5 மதிப்பெண் பிடித்தம்! வழியை மறித்துக்கொண்டிருக்கும் வேலைக்கோ 8 மதிப்பெண் பரிசு. ஒழுகுகிறவனுக்கு அபராதம், மறிக்கிறவனுக்கு மாலை. இது எனக்குப் புதிதில்லை, நானும் அரசாங்க அலுவலகங்களுக்குப் போனவன்தான்.

இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 'ஸ்டார்ட்' என்று அடித்தால், வேலை நடந்துகொண்டிருப்பதாக நம்பி 4 கூட்டித் தரும். ஏணியைத் தொட வேண்டியதில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே கூரையை மூன்றுக்கு உயர்த்தினேன். ஒழுகல் நிற்கவில்லை. 'நெக்ஸ்ட்' என்று ஓர் அடையாளம் ஒட்டினால் 15 கிடைக்கும், மொய்க்காரரையே தாண்டிவிடலாம். ஆனால் எதைச் செய்யவேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்து, பிறகு அதனிடமே போய் எதைச் செய்யவேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு எதற்கு இந்தக் கறுப்புத் திரை?

எரிச்சல் என்னவென்றால், இந்தக் கணக்கெல்லாம் தெருமுனையில் கடை உள்ளவர்களுக்காகப் போட்டது. எங்களுக்கு ஓர் ஆணி வேண்டுமென்றாலும் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் புரட்டும்போது எந்தப் பூ என்று யார் பார்ப்பது? மூடுபனி இறங்கினால் கெடு தள்ளிப்போகும். பேருந்து வராவிட்டால் கெடுவே கிடையாது. தகரம் அடிக்கிற ஆசாரியோ "பாப்போம்ணே" என்பார். அதை எந்தத் தேதியில் பதிவது?

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'வெயிட்' போட்டு 'சம்டே' என்று அடித்தால் அந்த வேலை கண்ணில் படாமல் மறைந்துவிடும். பழைய பதிப்புகளில் அது 2038 ஜனவரி 18 அன்று திரும்பி வரும். அதுகூடப் பரவாயில்லை, பேரனாவது பார்த்துக்கொள்வான். புதிய பதிப்பில் தேதியைத் தள்ளிவிட்டார்கள்: 9999 டிசம்பர் 30. கூரை, மொய், ஆசாரி மூன்றையும் இன்று காலை அங்கே அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை வருகிறது. நீங்களும் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், தகரம் பிடிக்க ஆள் வேண்டும்.